ஒலிக்கு வடிவு தந்தவர்

சீன எழுத்து கண்ணுக்குப் பொருளை உணர்த்தும். நாவுக்கு ஒலியை முழுதும் உணர்த்தாது. அக்குறையை நீக்க உழைத்தோருள் தலைசிறந்தவர் மொழியறிஞர் சாவோ யுவான்ரென்.

1892ஆம் ஆண்டு தியென்சின் நகரில் பிறந்தார். அமெரிக்காவில் கணிதமும் மெய்யியலும் பயின்றார். எனினும் அவருள்ளம் இசையிலும் மொழியிலுமே தோய்ந்தது. கவிஞர் லியு பான்னொங்கின் பாடலுக்கு 1926இல் அவர் அமைத்த இசை சீன மக்களிடையே நிலைபெற்றது.

1913இல் அறிஞர் அவையொன்று பல வட்டார ஒலிகளைக் கலந்து பொது ஒலிப்பொன்றை வகுத்தது. அதனை இசைத்தட்டில் பதிவு செய்தவர் இவரே. அவ்வாறு பேசும் ஊர் எதுவும் இல்லாமையால் அது நிலைக்கவில்லை; பெய்ஜிங் பேச்சே பொதுமொழிக்கு அடிப்படையாயிற்று. சாவோ சோர்ந்தாரல்லர், புதிய ஒலிப்பையும் தம் குரலிலேயே பதிந்தளித்தார்.

சீனத்தில் ஓர் அசை நான்கு தொனிகளில் வெவ்வேறு பொருள் தரும். அவர் முன்னின்று வகுத்து, 1928இல் அரசு ஏற்ற உரோமன் எழுத்துமுறை, தொனியை மேற்குறியால் காட்டாது எழுத்துக்கூட்டலிலேயே அமைத்தது. நுட்பமானதாயினும் கற்றற்கு அரிதாகையால் அது பரவவில்லை. 1958இல் வந்த பின்யின், மேற்குறிகளால் தொனியைக் காட்டி வென்றது.

தம் பணியின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். ‘ஷி’ என்னும் ஓரசையையே தொனி மாற்றித் தொடுத்து, சிங்கம் உண்ண விழைந்த கவிஞனின் கதையைப் பண்டை நடையில் எழுதினார். கண்ணால் படிப்போர்க்கு அது விளங்கும். காதால் கேட்போர்க்கு விளங்காது. ஒலியெழுத்து வாழும் பேச்சைத் தாங்கும். பழம்பனுவலைத் தாங்காது என்பதே அவர் உணர்த்திய உண்மை.

1982இல் அமெரிக்க மண்ணில் மறைந்தார். தாம் வகுத்த முறை வழக்கொழிந்தபோதும், சொல்லைச் செவியால் எடைபோடக் கற்பித்த பெருமை அவருடையது.