காமராசரும் நெருக்கடி நிலையும்

காமராசர் (ஜூலை 15, 1903 – அக்டோபர் 2, 1975) விருதுநகரில் பிறந்த இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பணியாற்றியவரும் ஆவார். தமிழகத்தில் இவர் பள்ளிகளுக்காகவும் மதிய உணவுத் திட்டத்துக்காகவும் நினைவுகூரப்படுகிறார். இந்திய அளவில் இவருக்கு வேறொரு இடமும் உண்டு. 1966இல் இந்திரா காந்தியைப் பிரதமராக்கியதில் முதன்மைப் பங்காற்றிய இவர், அவர் 1975இல் அறிவித்த நெருக்கடி நிலையின்போது இறந்தார். மக்களாட்சி ஒன்றில் தனிமனித ஆட்சி எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் ஜெர்மனியின் 1933ஐ நாடுவது வழக்கம். காமராசரின் பிற்கால வாழ்விலும் அதற்கான சான்றுகள் உள்ளன.

பிறப்பும் இளமையும்

பருத்தி, கம்பு, சோளம் விளையும் கரிசல் மண்ணில் வானம் பார்த்த விவசாயமே பெரும்பாலும் நடைபெறும். விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி வரை நீளும் இவ்வட்டாரமே காமராசரின் அரசியல் களம். தந்தை குமாரசாமி, தாயார் சிவகாமி அம்மாள். ஆறு வயதில் தந்தையை இழந்த இவர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுத் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் காங்கிரசில் ஈடுபாடு கொண்டார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். விடுதலைப் போராட்டக் காலத்தில் இவர் சிறையில் கழித்தது மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார்.

முதலமைச்சராக

ஏப்ரல் 13, 1954 அன்று முதலமைச்சர் பொறுப்பேற்றார். 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர் தொகுதியில் வெற்றி பெற்றார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இவரது ஆட்சிக்கால நலத்திட்டங்கள் பலரும் அறிந்தவை என்பதால் இங்கு விரிவாகக் கூறப்படவில்லை.

மூத்த தலைவர்கள் அரசுப் பதவிகளைத் துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்று இவர் முன்வைத்த திட்டம் காமராசர் திட்டம் எனப்படுகிறது. அதன்படி அக்டோபர் 2, 1963இல் தாமே பதவி விலகினார். அதே மாதத்தில் அகில இந்திய காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிரதமர் தேர்வு

1964இல் நேரு மறைந்தபோது லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானதற்கு இவரே காரணமாயிருந்தார். ஜனவரி 11, 1966இல் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். காமராசரே பிரதமராக வேண்டும் என்ற யோசனை எழுந்தது. இந்தியும் ஆங்கிலமும் சரளமாக அறியாத தாம் அப்பதவிக்கு ஏற்றவர் அல்லர் என்று இவர் மறுத்துவிட்டார்.

போட்டியில் முன்னிருந்தவர் மொரார்ஜி தேசாய். எவருக்கும் வளைந்துகொடுக்காதவர் என்று பெயர் பெற்றிருந்த அவரைக் கட்சித் தலைவர்கள் பலர் விரும்பவில்லை. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா நேருவின் மகள். நாடு முழுவதும் அறியப்பட்டவர். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல் வரவிருந்தது. அவருக்கெனக் கட்சியில் தனி அணி எதுவும் இல்லை. எனவே தங்கள் சொற்படி நடப்பார் என்றும் தலைவர்கள் எண்ணினர். காமராசர் மாநில முதலமைச்சர்கள் பலரின் ஆதரவைத் திரட்டினார். ஜனவரி 19 அன்று நடந்த வாக்கெடுப்பில் இந்திரா 355 வாக்குகளும் மொரார்ஜி 169 வாக்குகளும் பெற்றனர்.

இந்தக் கணக்கு பிழையானது என்பது சில மாதங்களிலேயே தெரிந்தது. ஜூன் 1966இல் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயின் மதிப்பு 7.50 ஆகக் குறைக்கப்பட்டது. கட்சித் தலைவரான காமராசரைக் கலந்தாலோசிக்காமலேயே இம்முடிவு எடுக்கப்பட்டதால் அவர் கடும் அதிருப்தி அடைந்தார்.

1967 தேர்தலும் கட்சிப் பிளவும்

1967 தேர்தலில் காமராசர் சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற தி.மு.க. இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பம்பாயில் எஸ். கே. பாட்டீலும் வங்காளத்தில் அதுல்ய கோஷும் தோற்றனர். பிரதமருக்கு ஈடுகொடுக்கக்கூடிய தலைவர்களை அகற்றியது எந்தச் சூழ்ச்சியும் அன்று, மக்களின் வாக்கே. பிற்காலத்தில் எழுதுவோர் இதைப் பலவேளை மறந்துவிடுகின்றனர்.

1969இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. கட்சி சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. இந்திரா மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்து, ஜூலை 19 அன்று 14 வங்கிகளை அவசரச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கினார். இச்செயல் எளிய மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. பின்னர், மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு தம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார், வி. வி. கிரி வென்றார். நவம்பரில் இந்திரா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். காங்கிரசு இரண்டாக உடைந்தது. காமராசர் நிறுவன காங்கிரசில் நின்றார். தி.மு.க., இந்தியப் பொதுவுடைமைக் கட்சி ஆகியவற்றின் ஆதரவுடன் இந்திராவின் அரசு நீடித்தது.

1971 தேர்தலில் இந்திராவின் கட்சி 352 இடங்களில் வென்றது. நிறுவன காங்கிரசுக்குக் கிடைத்தவை 16. அவற்றுள் தமிழகத்தில் நாகர்கோவிலில் காமராசர் பெற்ற ஓரிடம் மட்டுமே. அதன்பின் மாநில முதலமைச்சர்கள் தில்லியின் விருப்பப்படி அமர்த்தப்படலாயினர். முதலமைச்சர்களைத் திரட்டி ஒரு பிரதமரை முடிவுசெய்ய 1966இல் காமராசரால் முடிந்தது. இனி எவராலும் அது இயலாது என்றாயிற்று. ஏப்ரல் 1973இல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ. என். ரே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்.

நெருக்கடி நிலை

ஜூன் 12, 1975இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ரேபரேலியில் இந்திரா பெற்ற வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு, அரசியலமைப்பின் 352ஆம் பிரிவின்கீழ் நெருக்கடி நிலைக்கான ஆணையில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரிவிக்கப்பட்டது. தில்லி நாளிதழ்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணனும் மொரார்ஜியும் கைதாயினர். நெருக்கடிக் காலம் முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆகஸ்டில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்கள் விசாரிப்பதைத் தடுக்கும் 39ஆவது திருத்தம் நிறைவேறியது. இவை யாவும் சட்டத்தின் வடிவிலேயே நடந்தன என்பது கவனிக்கத்தக்கது. 1933இல் ஜெர்மனியிலும் இட்லரைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என நம்பியவர்களே அவரைத் தலைமை அமைச்சராக்கினர். ஒப்புமை அவ்வளவே, இந்திரா 1977இல் தேர்தல் நடத்தித் தோல்வியை ஏற்றார்.

தமிழகத்தில் நெருக்கடி நிலையை எதிர்த்த தி.மு.க. அரசு அப்போது ஆட்சியில் இருந்தது. காமராசர் கைது செய்யப்படவில்லை. எனினும் தம் நண்பர்களும் பழைய தோழர்களும் சிறையில் இருப்பது அவரை வாட்டியது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவர் உடல்நலத்தைக் குலைத்திருந்தன.

மறைவு

காந்தி பிறந்தநாளான அக்டோபர் 2, 1975இல், சென்னை தியாகராய நகரில் தாம் வாழ்ந்த இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். இறுதிச் சடங்கிற்கு இந்திரா காந்தி வந்திருந்தார். நான்கு மாதங்களில், ஜனவரி 31, 1976இல், தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழக நிறுவன காங்கிரசின் பெரும்பகுதி ஜி. கே. மூப்பனார் தலைமையில் இந்திராவின் கட்சியுடன் இணைந்தது. காமராசருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டதும் 1976இல்தான். மார்ச் 1977 தேர்தலில் வடஇந்தியாவில் வீழ்ந்த இந்திராவின் கட்சி, அ.தி.மு.க. கூட்டணியில் தமிழகத்தின் பெரும்பாலான தொகுதிகளைக் கைப்பற்றியது. காமராசரின் விருதுநகர் வீடும் தியாகராய நகர் இல்லமும் அரசு நினைவில்லங்களாக்கப்பட்டன.