டுன் டுன் ஆகுமுன் அவர் உமா தேவி

வட இந்தியாவில் ஒரு தலைமுறைக் காலம் கொஞ்சம் பருமனான பெண் பிள்ளையைக் கண்டால் "டுன் டுன்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். பாடசாலையிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பெயருக்குரியவர் உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்மணி என்பதும், சிரிப்பு நடிகையாவதற்கு முன்பு அவர் நாடறிந்த பாடகி என்பதும் அப்படிக் கூப்பிட்ட பலருக்குத் தெரியாது. அவருடைய இயற்பெயர் உமா தேவி.

1923ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் அம்ரோஹாவுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். தாய் தந்தையின் முகம் அவருக்கு நினைவில் இருக்கவில்லை. நிலத் தகராறு ஒன்றில் அவர்கள் கொல்லப்பட்டதாகவும், சிறுவனாக இருந்த அண்ணனும் பின்னர் அவ்வாறே கொல்லப்பட்டதாகவும் முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார். அண்ணனும் போனபின் உறவினர் வீட்டில் வளர்ந்தார். வளர்ந்தார் என்பதைவிட வேலை செய்தார் என்பதே சரி. இரண்டு வேளைச் சோற்றுக்காக வீட்டு வேலை முழுவதையும் அந்தப் பிள்ளை செய்ய வேண்டியிருந்தது. பிற்காலத்தில் எந்த உடம்பைப் பார்த்து ஊர் சிரித்ததோ, அந்த உடம்பு சிறுவயதில் ஒவ்வொரு கவளத்தையும் உழைத்து வாங்கிய உடம்பு என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முறையாகச் சங்கீதம் படிக்க வழியில்லை. காதால் கேட்ட பாட்டுகளைத் தானாகவே பாடிப் பழகினார். டில்லியில் கலால் துறையில் பணியாற்றிய அக்தர் அப்பாஸ் காஜி என்பவர் அவருக்கு ஆதரவும் தைரியமும் கொடுத்தார். இளம் வயதிலேயே வீட்டை விட்டு ஓடி பம்பாய் போய்ச் சேர்ந்த உமா தேவி, இசையமைப்பாளர் நௌஷாத் அலியின் வாசலில் போய் நின்றார். தனக்குப் பாட வரும் என்றும், வாய்ப்புத் தராவிட்டால் கடலில் விழுந்து விடுவேன் என்றும் சொன்னாராம். நௌஷாத் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். கேட்ட இடத்திலேயே ஏற்றுக்கொண்டார்.

1947ஆம் ஆண்டு வெளிவந்த 'தர்த்' என்ற படம் உமா தேவியின் பெயரை இந்தியா முழுவதும் கொண்டு சென்றது. இயக்குநர் ஏ. ஆர். கர்தார், இசை நௌஷாத், பாடல்கள் ஷகீல் பதாயூனி. மனம் நொந்த ஒருத்தி தன் கதையை எழுதிக்கொண்டிருப்பதாக வரும் அந்தத் தனிப்பாடலை அறியாதவர் அன்று குறைவு. அதே படத்தில் அக்காலத்தின் பெரும் நட்சத்திரமான சுரையாவோடும் சேர்ந்து பாடினார். அந்த வருடமே காஜியைத் திருமணம் செய்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் இரண்டு ஆண் பிள்ளைகளும் பிறந்தார்கள்.

அடுத்த வருடம் தமிழோடும் அவருக்கு ஒரு தொடர்பு ஏற்பட்டது. சென்னை ஜெமினி ஸ்ரூடியோவில் எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வை, பிரமாண்டமான முரசு நடனத்துக்காக, நம் மூத்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் ஹிந்திப் பதிப்பில் பல பாடல்களை உமா தேவிதான் பாடினார். பாடகியாக அவர் தொட்ட உச்சம் அது. ஆனால் அதுவே வினையாகவும் முடிந்தது. கர்தாருடன் செய்திருந்த ஒப்பந்தத்தை மீறி அந்தப் படத்தை ஏற்றதால் பழைய இடத்தில் வாய்ப்புகள் அற்றுப்போயின. லதா மங்கேஷ்கரின் குரல் எழுந்துவந்த காலமும் அதுதான். உமா தேவியின் பாணி பழைய பாணியாகத் தோன்றத் தொடங்கிவிட்டது.

வீட்டில் குழந்தைகள். வருமானம் வேண்டும். மறுபடியும் நௌஷாத்திடமே போனார். கலகலவென்று பேசிச் சிரிக்கும் அவருடைய சுபாவத்தை அறிந்த நௌஷாத், நகைச்சுவை நடிப்புக்கு வரும்படி சொன்னார். நடிப்பதென்றால் திலீப் குமாருடன்தான் நடிப்பேன் என்று உமா தேவி நிபந்தனை போட்டாராம்! அப்படியே 1950இல் திலீப் குமாரும் நர்கீஸும் நடித்த 'பாபுல்' படத்தில் அறிமுகமானார். டுன் டுன் என்ற பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. பிறகு கழரவேயில்லை.

குரு தத்தின் 'ஆர் பார்', 'மிஸ்டர் அன்ட் மிஸஸ் 55', 'பியாசா' தொடங்கி, 1982இல் வந்த 'நமக் ஹலால்' வரை ஏறத்தாழ 200 படங்கள். ஹிந்திப் படவுலகின் முதல் பெண் நகைச்சுவை நடிகை என்று அவரைச் சொல்வதுண்டு. பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனாலும் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடங்களைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. அவர் கதவால் நுழைந்தாலே சிரிக்க வேண்டும், ஒருவரைக் காதலித்தால் அதற்கும் சிரிக்க வேண்டும். பல படங்களில் கதாபாத்திரத்துக்கு வேறு குணமே கிடையாது. பருமன் மட்டும்தான் குணம். அவரே சிரித்துக்கொண்டு நடித்தார், அதனால் அவருக்கு வலித்திருக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான்கு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய ஒரு தாய், கிடைத்த தொழிலைத் திறமையாகச் செய்தார். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது அவருடைய குற்றமல்ல.

நம் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் வேறு பெயர்கள் இருக்கின்றன. பூசணிக்காய் என்பார்கள், மெலிந்தவளாக இருந்தால் ஈர்க்கில் என்பார்கள். கல்யாண வீட்டில் ஸலாம் சொல்லி முடியுமுன்பே, மகள் நல்லாப் பெருத்துட்டா என்று உம்மாவிடம் சொல்லும் மாமிமாரும் சாச்சிமாரும் அன்பில்லாதவர்கள் அல்லர். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை சஹனைச் சுற்றி உட்காரும்போது மற்றவர்கள் தன் கையைப் பார்க்கிறார்களோ என்று எண்ணி இரண்டு கவளத்தோடு எழும்பிவிடுகிறாள். மறுநாள் வெறும் பிளேன்ரீயோடு பாடசாலைக்கு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிறாள். பருவ வயதில் இடுப்பும் தொடையும் சதை போடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அந்த வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் இரும்புச் சத்தும் எலும்பின் பலமும் குறையும், படிப்பில் கவனமும் நிற்காது. எடையைப் பற்றி உண்மையில் கவலைப்பட வேண்டியிருந்தால் அதை வைத்தியரிடம் தனியாகப் பேசலாம். சபையில் பேச என்ன இருக்கிறது?

உமா தேவியின் கணவர் 1992இல் காலமானார். அவரும் 2003 நவம்பர் 24ஆம் திகதி மும்பையில் தமது 80ஆவது வயதில் இறந்தார். மரணச் செய்திகளில் டுன் டுன் என்ற பெயரே பெரிதாக வந்தது.

1952இல் இந்திய அரச வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது, அங்குள்ளவர்கள் கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையைத்தான் தேடிக் கேட்டார்கள். அந்தக் காலத்து உம்மும்மாமாரிடம் 'தர்த்' படப் பாட்டைப் போட்டுக் காட்டிப் பாருங்கள். கூடவே மெல்ல முணுமுணுப்பார்கள். பாடியவர் எப்படிப்பட்ட உடம்புக்காரி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது, கேட்கவும் மாட்டார்கள்.