மருத்துவர் மைக்கேல் டில்லன்

கல்லூரியில் சேரப் புறப்படும் மாணவன் முதலில் எடுத்து அடுக்குவது புத்தகங்களை அல்ல, சான்றிதழ்களை. பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயர், முன்பு படித்த இடம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் போதும்; அலுவலகத்தார் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பொருந்தாவிட்டால் வரும் துன்பத்தை, ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து படிக்கும் நாம் நன்கு அறிவோம். பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னாலும் மற்றொரு தாளில் பின்னாலும் இருந்துவிட்டால், அதை விளக்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. ஓர் எழுத்துக்கே இந்தப் பாடு என்றால், பெயரும் பாலும் இரண்டுமே மாறிப்போன ஒருவர், முப்பது வயதில், மருத்துவக் கல்லூரி வாயிலில் போய் நின்றால் என்ன ஆகும்? அப்படி நின்றவர்தான் மைக்கேல் டில்லன். அவருடைய வாழ்வு லண்டனில் தொடங்கி நம் நாட்டு இமயமலைச் சாரலில் முடிந்தது.

1915ஆம் ஆண்டு மே முதல் நாள் லண்டனில் அவர் பிறந்தார். அயர்லாந்தில் லிஸ்மல்லன் என்னும் இடத்தைச் சேர்ந்த, 'பாரனெட்' என்ற பரம்பரைப் பட்டம் உடைய குடும்பம் அது. பிறந்த குழந்தையைப் பெண் என்று பதிவு செய்தார்கள். சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். அவரையும் அவருடைய அண்ணனையும் ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் அத்தைமார் வளர்த்தனர். பத்து வயதில் தந்தையும் போனார். பட்டம் அண்ணனுக்கு வந்தது.

இளமையில் ஒரு நாள் அவர் ஓர் இளைஞனோடு நடந்து செல்லும்போது வழியில் ஒரு கதவு குறுக்கிட்டது. அந்த இளைஞன் மரியாதையாக முன்னே சென்று, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பெண்களுக்குச் செய்யும் மரியாதை அது. அந்த நொடியில் டில்லனின் உள்ளம் துணுக்குற்றது. உலகம் தம்மைப் பெண் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, தாமோ அப்படி இல்லை என்பது அவருக்கு அன்று தெளிவாயிற்று. திருநம்பி என்னும் சொல் இன்று நம்மிடம் இருக்கிறது. அன்று எந்த மொழியிலும் அவருக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. சொல் இல்லாத துன்பம் இரு மடங்கு துன்பம்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில், பின்னாளில் செயின்ட் ஆன்ஸ் கல்லூரி எனப் பெயர் பெற்ற மகளிர் அமைப்பில் அவர் சேர்ந்தார். படிப்பைவிடப் படகு வலிப்பதில் பெயர் பெற்றார். மகளிர் படகுக் கழகத்துக்குத் தலைமையும் ஏற்றார். 1938இல் பட்டம் பெற்று வெளியே வந்தார். கையில் ஆக்ஸ்போர்டுப் பட்டம் இருந்தது. ஆனால் அதில் இருந்த பெயரைச் சொல்லி யாரேனும் அழைத்தால் திரும்பிப் பார்க்க மனம் இல்லை.

1939இல் அவர் பிரிஸ்டலுக்கு அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் சில நோய்களுக்குக் கொடுத்துப் பார்த்துவந்த ஒரு மருத்துவரைத் தேடிப் போய்த் தம் நிலையைச் சொன்னார். மருத்துவர் மனநல வல்லுநர் ஒருவரைப் பார்த்துவரச் சொன்னார். அந்த வல்லுநரோ கேட்டதை வெளியே பேசிவிட்டார். நோயாளி நம்பிச் சொன்னதை மருத்துவன் காக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். அந்தப் பாடம் மீறப்படும்போது எப்படி வலிக்கும் என்பதை டில்லன் மருத்துவம் படிக்கும் முன்பே தெரிந்துகொண்டார். செய்தி உடன் வேலை செய்தவர்கள் வரை பரவியது. அவர் அந்த வேலையை விட்டார். கையில் ஹார்மோன் மாத்திரைகள் மட்டும் மிஞ்சின.

பிரிஸ்டல் நகரில் மோட்டார் வண்டிகள் பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. பெட்ரோல் போடுவதும், நடுவழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வருவதும் வேலை. போர்க் காலம், ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த இரவுகளில் தீப்பிடிக்கிறதா என்று காவல் இருந்து பார்ப்பதும் அவர் பொறுப்பே. மாத்திரைகள் உடலில் வேலை செய்தன. குரல் தடித்தது, முகத்தில் மயிர் அரும்பியது. பார்ப்பவர் எல்லாம் ஆண் என்றே கொண்டனர். கடைசியில் நிலையத்தின் மேலாளரே, வாடிக்கையாளர் குழம்புகிறார்கள், இனி இவரை ஆண் என்றே குறிப்பிடுங்கள் என்று மற்றவர்களுக்குக் கட்டளையிட்டார். அறம் கருதிச் சொன்னாரா, வியாபாரம் கருதிச் சொன்னாரா என்பது வேறு. அவர் சொன்னது ஒரு மனிதனுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது.

இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழும் நோய் டில்லனுக்கு இருந்தது. இரண்டு முறை விழுந்து தலையில் அடிபட்டது. இரண்டாம் முறை பிரிஸ்டல் மருத்துவமனையில் கிடந்தபோது, பிளாஸ்டிக் அறுவைக் கலையில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் அவரைக் கண்டார். தம் கதையைச் சொன்னதும் அவர் முகம் சுளிக்கவில்லை. மார்பு அறுவையைத் தாமே செய்தார். பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டிய மருத்துவச் சான்றும் எழுதிக் கொடுத்தார். மேற்கொண்டு செய்ய வேண்டிய அறுவைகளுக்கு ஹரால்டு கில்லீஸ் என்பவரிடம் அனுப்பினார். கில்லீஸ் நியூசிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு முகம் அமைத்துக் கொடுத்துப் புகழ் பெற்றவர். 1944இல் பிறப்புப் பதிவு திருத்தப்பட்டது. லாரன்ஸ் மைக்கேல் டில்லன் என்ற பெயர் அரசாங்க ஏட்டில் ஏறியது.

தம்மைப் போன்றவர்களுக்கு உதவ வேண்டும் என்றால் தாமே மருத்துவராக வேண்டும் என்று டில்லன் முடிவு செய்தார். எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி. லண்டன் மருத்துவப் பள்ளிகள் பல, பெண்களுக்கு அதுவரை இடமே தராதவை. 1944இல்தான் குட்இனஃப் குழு, அரசுப் பணம் வேண்டுமானால் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் டில்லனின் சிக்கல் அந்த வாதத்துக்கு வெளியே நின்றது. பெண் என்று விண்ணப்பிக்க அவர் உண்மை இடம் தராது. ஆண் என்று விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்று உண்டு. ஆனால் முன்பு படித்ததற்குச் சான்று கேட்டால் பெண்கள் மட்டும் படித்த இடத்தின் பெயரல்லவா வரும்? மற்ற மாணவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பேராசிரியர் யார், மருத்துவமனை பெரிதா, கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். டில்லன் இவற்றுக்கெல்லாம் முன்னால், எங்கே போனால் ஒரு தாள் தம்மைக் காட்டிக் கொடுக்காது என்று பார்க்க வேண்டியிருந்தது.

இங்கேதான் ஓர் ஆசிரியர் வருகிறார். ஆக்ஸ்போர்டில் முன்பு அவருக்குப் பாடம் சொன்னவர், பல்கலைக் கழகப் பதிவாளரிடம் போய்ப் பேசினார். ஆண்கள் மட்டும் பயின்ற பிரேஸ்நோஸ் கல்லூரியில் டில்லன் பட்டம் பெற்றதாக ஏடு திருத்தப்பட்டது. பெற்ற பட்டம் உண்மை, படித்த படிப்பு உண்மை. கல்லூரியின் பெயர் மட்டுமே மாறியது. அந்தத் தாளுடன் 1945இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1904 முதலே பெண்களையும் சேர்த்துவந்த கல்லூரி அது. பழைய முகங்கள் இல்லாத ஊர். ஆனால் முன்னோரின் மண். அண்ணனின் மாளிகை அதே நாட்டில்தான் இருந்தது. அண்ணன் உறவு பாராட்டவில்லை.

டிரினிட்டியில் அவர் கழித்த ஆறு ஆண்டுகளை எண்ணினால் வியப்பே மேலிடும். தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்களோடு அமர்ந்து உடற்கூறு படித்தார். மறுபடியும் படகு வலித்தார்; இம்முறை ஆண்கள் அணியில். விடுமுறை வந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்; இவர் இங்கிலாந்துக்குப் போய் கில்லீஸின் அறுவை மேசையில் படுத்தார். 1946 முதல் 1949 வரை குறைந்தது பதின்மூன்று அறுவைகள். புண் சீழ் வைத்து நடக்க முடியாமல் திரும்பிய நாட்கள் உண்டு. கேட்டவர்களிடம் போரில் பட்ட காயம் என்று சொல்லிவிடுவார். உண்மை வெளிப்படுமோ என்ற அச்சத்தில் யாரோடும் நெருங்கவில்லை. பெண்களை வெறுப்பவர் என்ற பெயரைக்கூடத் தாமே வரவழைத்துக்கொண்டார். சேர இடம் கிடைத்தது. ஆனால் அங்கே மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லை.

அந்த நாட்களிலேயே, 1946இல், 'செல்ஃப்' என்ற நூலை வெளியிட்டார். சுரப்பிகளைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் பேசும் நூல் அது. மனத்தை உடலுக்கு ஏற்றபடி மாற்ற முடியாதபோது, இயன்றவரை உடலை மனத்துக்கு ஏற்றபடி மாற்றுவதே மருத்துவரின் கடமை என்பது அதன் சாரம். தம்மைப் பற்றி ஒரு வரியும் அதில் அவர் எழுதவில்லை. பிறருக்காக வழக்காடுவது போல எழுதினார்.

1951இல் மருத்துவரானார். சில காலம் டப்ளினில் பணியாற்றிவிட்டு, 1952 முதல் வணிகக் கப்பல்களில் மருத்துவராகக் கடல் சுற்றினார். ஆறு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன.

அதன்பின் இன்னொரு ஏடு அவரைத் தேடி வந்தது. இங்கிலாந்தில் பிரபு குடும்பங்களின் வழிமுறையை அச்சிடும் நூல்கள் இரண்டு உண்டு. 'டெப்ரெட்' என்னும் நூலில் டில்லனின் பதிவு திருத்தப்பட்டு, அண்ணனுக்குப் பின் பட்டத்துக்கு உரிய தம்பி என்று இருந்தது. 'பர்க்' என்னும் நூலிலோ பழைய தங்கையே இருந்தார். 1958இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த யாரோ இதைக் கண்டுபிடித்தனர். செய்தித்தாள்கள் துரத்தத் தொடங்கின. கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் நின்றபோது நிருபர்களின் கேள்வி அவரை வந்தடைந்தது. பதினான்கு ஆண்டுகள் காத்த மறைவு ஒரே நாளில் உலகச் செய்தியாயிற்று. ஒரு தாளைத் திருத்தியதால் திறந்த வாழ்வு, மற்றொரு தாளைத் திருத்தாமல் விட்டதால் மூடிக்கொண்டது.

அவர் வேலையைத் துறந்து இந்தியாவுக்கு வந்தார். காலிம்போங்கில் தங்கினார், பிறகு காசிக்கு அருகே சாரநாத்தில் பௌத்தத் துறவியரோடு வாழ்ந்து இளந்துறவு பூண்டார். அப்போது அவர் ஏற்ற பெயர் ஜீவகர். அது புத்தருக்கு மருத்துவம் பார்த்தவரின் பெயர். ஜீவகர் பிறந்தவுடன் குப்பையில் எறியப்பட்டு, இளவரசன் ஒருவனால் எடுத்து வளர்க்கப்பட்டு, தட்சசீலம் சென்று மருத்துவம் கற்றவர் என்று பௌத்த நூல்கள் கூறும். தம் பிறப்பைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று கவலைப்படாமல் கல்வியைத் தேடிப் போன அந்தப் பழைய மாணவரின் பெயரில் டில்லன் தம்மைக் கண்டிருப்பார் போலும்.

ஆனால் அங்கும் ஏடு குறுக்கே நின்றது. துறவு விதிகளைக் காட்டி, அவரைப் போன்றவருக்கு முழுத் துறவு தரலாகாது என்றார்கள். அவர் திபெத்திய மரபை நாடினார். 1960இல் லடாக்கில் உள்ள ரிசோங் மடத்தில், லோப்சாங் ஜீவகர் என்ற பெயருடன் தம்மைவிட மிக இளைய பிள்ளைகளோடு இளந்துறவியாக அமர்ந்து, அடுக்களை வேலையும் செய்து வாழ்ந்தார். அனுமதிக் காலம் முடிந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. உடல் நலிந்தது. 1962ஆம் ஆண்டு மே 15 அன்று டல்ஹவுசி மருத்துவமனையில் காலமானார். வயது நாற்பத்தேழு. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அது அச்சேறியது 2016இல்.

டில்லனுக்குக் கல்லூரி வாயிலைத் திறந்தவர் ஒரு நல்லாசிரியர். அவரை நாம் வாழ்த்த வேண்டும். ஆயினும் அந்த உதவி தயவாகக் கிடைத்ததே தவிர உரிமையாகக் கிடைக்கவில்லை. தயவு மறைவில் நடக்கும்; மறைவு கலைந்தால் தயவும் கரைந்துவிடும். உரிமையைப் பகலில் கேட்கலாம். இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் 2004இல் வந்தது. நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநங்கையர், திருநம்பியரின் பாலின அடையாளத்தை ஏற்று, கல்வியிலும் இடஒதுக்கீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2019இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

தீர்ப்புக்கும் அலுவலகச் சாளரத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. நம்மிடையே உள்ள ஒரு நண்பர் நாளை மருத்துவம் படிக்கப் புறப்படும்போது டில்லனின் கதை அவருக்குச் சில கேள்விகளைக் கற்றுத் தரும். பழைய சான்றிலும் புதிய சான்றிலும் ஒரே பெயரை எழுதித் தருவார்களா? விடுதியில் எந்த அறை? உடல்நலச் செய்தியை யார் காப்பார்கள்? இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் பேராசிரியரின் புகழைக் கேட்க வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். அந்த நண்பர் சான்றிதழ்களோடு அலுவலகத்துக்குப் போகும் நாளில் உடன் போய் நிற்கலாம். ஆக்ஸ்போர்டு ஆசிரியர் பதிவாளரிடம் தனியே சென்று சொன்னதை, நாம் பலராய்க் கூடி, எல்லோரும் கேட்கச் சொல்லலாம்.