பிறப்பிடம் மறைத்த நீச்சல் வீரர்

டார்சன் என்னும் கானக வீரனைத் திரையிற் கண்டு வியந்தோர் பலராவர். அவ்வேடம் புனைந்த ஜோனி வைஸ்முல்லர் அதற்கு முன்னரே நீச்சலில் உலகப் புகழ் எய்தியவர் என்பதை அறிந்தோர் சிலரே. தாம் பிறந்த ஊரை அவர் ஆயுள் முழுதும் மறைத்து வாழ்ந்தமையை அறிந்தோரோ மிகச் சிலர்.

ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பனாட் பகுதியில் பிறைடோர்வ் என்றொரு சிற்றூர் இருந்தது. இன்று அது ருமேனியாவின் டிமிசோரா நகரோடு இணைந்துவிட்டது. ஜேர்மன் மொழி பேசுங் கத்தோலிக்கக் குடிகள் வாழ்ந்த அவ்வூரில் 1904 ஆம் ஆண்டு யூன் 2 ஆம் நாள் அவர் பிறந்தார். ஏழு மாதக் கைக்குழந்தையை ஏந்தியவண்ணம் பெற்றோர் றொட்டர்டாம் என்னுங் கப்பலேறி, 1905 சனவரியில் நியூயோர்க் துறையை அடைந்தனர். பின்னர் பென்சில்வேனியாவில் விண்ட்பர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிற் சில காலம் தங்கினர். இளைய மகன் பீற்றர் பிறந்தது அங்கேதான். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக.

குடும்பம் சிக்காகோ நகருக்குப் பெயர்ந்தது. வறுமையாற் கல்வியை இடைநிறுத்திய ஜோனி, விடுதியொன்றில் ஏவலாளாகவும் மின்னுயர்த்தி இயக்குபவராகவும் ஊழியஞ் செய்தார். மிச்சிக்கன் ஏரியில் நீந்திப் பழகிய அவ்விளைஞரை இலினோய் உடற்பயிற்சிக் கழகத்துப் பயிற்றுநர் வில்லியம் பக்ராக் 1920 இல் ஏற்றுக்கொண்டார். ஏற்றதும் போட்டிக்கு அனுப்பினாரல்லர். விரைவை மறந்து கைவீச்சையும் மூச்சையும் திருத்துமாறு பல மாதங்கள் பணித்தார். எழுத்து உருப்பெறு முன்னரே கட்டுரை கேட்கும் நம்மனோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். 1922 யூலை 9 ஆம் நாள் அப்பயிற்சி பலன் தந்தது. 100 மீற்றரை 58.6 செக்கனில் நீந்திய ஜோனி, அத்தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்த முதல் மனிதரானார்.

அடுத்தது 1924 ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக். அமெரிக்க அணியிற் சேர்வோர் அந்நாட்டுக் குடிகளாதல் வேண்டும்; கடவுச்சீட்டுக்கோ பிறப்புச் சான்று வேண்டும். அவ்வாண்டு மே மாதத்திலேதான் அந்நாடு புதிய குடிவரவுச் சட்டமொன்றை நிறைவேற்றியது. கிழக்கு, தெற்கு ஐரோப்பிய மக்களைத் தடுத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. பிறைடோர்வ் அப்போது ருமேனியாவுக்கு உரித்தாகிவிட்டது. அந்நாட்டவருள் ஆண்டுக்கு 603 பேரே புகலாமென அச்சட்டத்தின்படி வரையறுக்கப்பட்டது. இத்தகைய காலத்தில், வேற்று மண்ணிற் பிறந்தேன் என்று ஜோனி எவ்வாறு துணிந்து சொல்வார்? பீற்றரின் பிறப்பிடம் ஜோனியின் பிறப்பிடமாயிற்று. விண்ட்பர் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் இளையவர் பெயரருகே மூத்தவர் பெயரும் வேறு மையில், வேறு கையெழுத்திற் காணப்படுகின்றது. குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் நிலையைப் பெறும் என்னும் வள்ளுவர் கருத்து இங்கே பொருந்துமோ என்பதைப் படிப்போர் துணிக. என்வரையில், பிழை அவ்விளைஞரிடத்து இருந்ததினும் அச்சட்டத்திடத்தே மிகுதியாக இருந்தது.

சட்டம் நிறைவேறிய இரண்டு மாதங்களுள், அந்நாட்டின் கொடிக்காகவே அவர் பாரிஸ் தடாகத்தில் இறங்கினார். முன்னைய ஒலிம்பிக் வெற்றியாளரான ஹவாய் வீரர் டியூக் கஹனமோகுவைப் பின்தள்ளி 100 மீற்றரை வென்றார். 400 மீற்றரிலும் அஞ்சல் நீச்சலிலும் பொற்பதக்கம் பெற்றார். நீர்ப்பந்தில் வெண்கலமுங் கிடைத்தது. 1928 இல் அம்ஸ்டர்டாமில் மேலும் இரு பொற்பதக்கங்கள் அவரைச் சேர்ந்தன.

இவ்விரு வெற்றிகளுக்கும் இடையே, 1927 யூலையில், மிச்சிக்கன் ஏரியில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 27 பேர் மாண்டனர். அண்மையிற் பயிற்சியிலிருந்த ஜோனியும் பீற்றரும் நீருள் மூழ்கி மூழ்கிப் பலரை மேலே கொணர்ந்தனர். அவருட் பதினொருவர் உயிர் தப்பினர் என்பர். ஊரைக் கொடுத்த தம்பியும் பெற்ற தமையனும் அன்று ஒருங்கே நீந்தினர்.

1932 முதல் 1948 வரை பன்னிரண்டு படங்களில் அவர் டார்சனாக நடித்தார். பிறந்த குலம் வேறு, வளர்ந்த குலம் வேறாகிய பாத்திரம் அவருக்கு வாய்த்தமை விந்தையே. முதுமையில் நோயுற்று, மெக்சிகோவின் அகபுல்கோ நகரில் 1984 சனவரி 20 ஆம் நாள் காலமானார். அவருடைய விருப்பப்படி, பேழை குழியில் இறக்கப்பட்டபோது டார்சனின் கூவல் ஒலிப்பதிவு மும்முறை ஒலிக்கப்பட்டதாம்.