கீழ்ப்பாக்கத்தின் இன்னொரு இல்லம்: யார் இந்த மேரி கிளப்வாலா ஜாதவ்?

மதுரை டவுன்ஹால் ரோட்டில் சண்டையானாலும் சரி, மேலூர் பஸ் ஸ்டாண்டில் கேலியானாலும் சரி, ஒருத்தரைப் பைத்தியம் என்று சொல்லாமல் சொல்ல ஒரு ஊர்ப் பெயர் போதும்: கீழ்ப்பாக்கம். சென்னையை எட்டிப் பார்க்காதவர்களுக்குக்கூட இது தெரியும். சினிமா காமெடி செய்த வேலை. 1871 முதல் அங்கே இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனைதான் காரணம்.

அதே கீழ்ப்பாக்கத்தில் இன்னொரு இல்லமும் உண்டு. பெயர் பால விஹார். 1953-ல் தொடங்கப்பட்டது. இது மனநோய்க்குச் சிகிச்சை தரும் இடம் அல்ல. அறிவுசார் வளர்ச்சியில் குறைபாடு உள்ள குழந்தைகள் தங்கிப் படிக்கவும் பழகவும் உருவான இடம். இரண்டும் வேறு வேறு என்பது அப்போது பலருக்குத் தெரியாது. ஏன், சட்டத்துக்கே தெரியாது. அந்தக் காலத்தில் பால விஹாரைத் தொடங்கியது கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு. அதன் முதுகெலும்பாக இருந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ்.

ஊட்டியில் பிறந்தவர்

மேரி 1909-ம் ஆண்டு ஜூன் 10-ம் தேதி ஊட்டியில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். மெட்ராஸில் அப்போது பார்சிகள் சில நூறு பேர்தான். 18 வயதில் நோகி கிளப்வாலாவுடன் திருமணம். 1930-ல் ஒரு மகன். 1935-ல் கணவர் நோயில் இறந்துபோனார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில், ஐந்து வயதுப் பிள்ளையோடு தனியாக நின்றார் மேரி.

வசதியான குடும்பம். வீட்டோடு இருந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ கில்டு ஆஃப் சர்வீஸ் வேலைகளில் முழுமூச்சாக இறங்கினார். 1923-ல் மெட்ராஸ் பிஷப்பின் மனைவி திருமதி வாலர் தொடங்கிய அமைப்பு அது. பெரிய வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டு என்றுதான் அதைச் சொல்ல முடியும். அதை முழுநேர நிர்வாகமாக மாற்றியது மேரி.

போர் சொல்லிக்கொடுத்த பாடம்

1942. இரண்டாம் உலகப் போர். மெட்ராஸ் வழியாக ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் போய்வந்தார்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில் இறங்கும் அவர்களைக் கவனிக்க மேரி ஒரு குழுவை அமைத்தார். நடமாடும் கேன்டீன்கள் ஓடின. தொண்டர்கள் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார்கள். காயம்பட்டவர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் மட்டும் போதாது, கைக்கு ஒரு வேலையும் மனசுக்கு ஒரு மாற்றும் வேண்டும் என்று பொழுதுபோக்கு, கைவினை, இசை நிகழ்ச்சிகள் எல்லாம் நடந்தன. போர் முடிந்ததும் 14-வது படை நன்றியாக ஒரு ஜப்பானிய வாளை அவருக்குப் பரிசளித்தது. பின்னாளில் இதே துறையில் ஈடுபாடு கொண்ட ராணுவ அதிகாரி சந்திரகாந்த் ஜாதவை மறுமணம் செய்துகொண்டார்.

அடுத்தது சிறார் நீதிமன்றம். இந்தியாவில் குழந்தைகளுக்கென்று முதலில் சட்டம் கொண்டுவந்த மாகாணம் மெட்ராஸ், ஆண்டு 1920. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கிய நீதிமன்றத்தில் மேரி பல ஆண்டுகள் கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தார். திருட்டு, பிச்சை, வீட்டைவிட்டு ஓடிவந்தது என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். எந்தப் பிள்ளையை எந்த இல்லத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டிய நாற்காலி அது. அனுப்பினால் மட்டும் போதுமா, அங்கே பார்த்துக்கொள்ள ஆள் யார் என்ற கேள்வியிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் தப்ப முடியாது.

1952-ம் 1953-ம்

மேரியின் வாழ்க்கையில் இந்த இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் தொடங்கப்பட்டது. இன்று எழும்பூர் காசா மேஜர் சாலையில் இருக்கும் அதே கல்லூரி. தென்னிந்தியாவில் சமூகப்பணியை முறையான படிப்பாக ஆக்கிய முதல் நிறுவனம். இன்று எம்.எஸ்.டபிள்யூ படித்தவர் இல்லாத என்.ஜி.ஓ. கிடையாது, மதுரையிலும் அழகர்கோவில் சாலையில் அப்படியொரு கல்லூரி உண்டு. அன்றைக்கோ, சேவைக்குப் படிப்பு எதுக்கு, நல்ல மனசு இருந்தால் போதாதா என்பதுதான் பொதுவான எண்ணம். வாழ்நாள் முழுக்க நல்ல மனசுக்காரர்களோடு வேலை பார்த்த மேரிக்கு அது போதாது என்று தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டே பால விஹார். இல்லம், சிறப்புப் பள்ளி, பிறகு சிறப்பாசிரியர்களுக்கான பயிற்சி என்று அது வளர்ந்தது. கட்டடம் எழுப்புவதோடு, உள்ளே வேலை செய்பவரைத் தயார் செய்வதும் சேர்ந்தே நடந்தது. பயிற்சி இல்லாத ஆளை வைத்து இல்லம் நடத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இதன் எடை புரியும்.

ஒரு பிள்ளைக்குப் பேச்சு வராது என்று வைத்துக்கொள்வோம். பல்வலி. சொல்லத் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறது. பயிற்சி பெற்றவர் முதலில் வாயையும் காதையும் பார்ப்பார். பயிற்சி இல்லாதவர் கையைக் கட்டுவார், அல்லது அறையில் போட்டுப் பூட்டுவார். ஆட்டிசம் உள்ள பலருக்கு மிக்ஸி சத்தமும் டியூப்லைட் மினுக்கலும் தாங்க முடியாத தொல்லை. தினசரி ஒழுங்கு திடீரென மாறினால் தடுமாறிப்போவார்கள். இது தெரியாத வார்டனுக்கு அந்தப் பிள்ளை அடம்பிடிக்கிற பிள்ளை. அப்புறம் அடி, தூக்க மாத்திரை என்று போகும். இதில் கொடுமைக்காரர் என்று யாரும் இருக்க வேண்டியதில்லை. முப்பது பேருக்கு இரண்டே ஆயா என்ற கணக்கு போதும்.

உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்ல முடியாதவர்கள் வாழும் இடம் இது. புகார்ப் பெட்டி வைத்தால் யார் எழுதிப் போடுவது? அதனால்தான் வெளியாட்கள் வந்துபோவது முக்கியம். மேரியின் தொண்டர்கள் பாணியைப் பணக்காரப் பெண்களின் டீ பார்ட்டி என்று கிண்டல் செய்யலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் வெளியாட்கள் வாரா வாரம் வாசலைத் திறந்துகொண்டு உள்ளே வரும் இல்லத்தில் எதையும் ரொம்ப நாள் மறைப்பது கஷ்டம்.

சட்டம் ஏன் குழம்பியது?

அப்போது நடைமுறையில் இருந்தது 1912-ம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம். அதன் விளக்கப்படி பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவரும், இடையில் மனநோய் வந்தவரும் ஒரே பட்டியல். முன்னது நோய் அல்ல, மருந்தால் மாற்றும் விஷயமும் அல்ல. ஆனாலும் வீட்டில் வைத்திருக்க முடியாதவரை அனுப்ப ஒரே கதவுதான் இருந்தது. ஆட்டிசத்தைத் தனி நிலையாக அடையாளம் காண்பதோ மருத்துவ உலகத்துக்கே புதுசு. லியோ கேனர் அமெரிக்காவில் அதை விவரித்து எழுதியதே 1943-ல்தான்.

அப்போ வெளிநாடு மட்டும் நன்றாக இருந்ததா? நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற அரசு விடுதி 1947-ல் தொடங்கியது. 4,000 பேருக்கான இடம். 1965 வாக்கில் 6,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். 1972-ல் ஒரு டிவி நிருபர் கேமராவோடு உள்ளே போன பிறகுதான் உடையில்லாமல், அழுக்கில் கிடந்த குழந்தைகளை நாடே பார்த்தது. 1987-ல் அது மூடப்பட்டது. பணம் இல்லாத நாடு அல்ல அது.

கிடைக்காத பதில்

மேரி 1956-ல் மெட்ராஸின் ஷெரீஃப் ஆனார். 1955-ல் பத்மஸ்ரீ, 1968-ல் பத்ம பூஷண், 1975-ல் பத்ம விபூஷண். அதே 1975-ல் காலமானார்.

அவருடைய முறையில் குறை இல்லாமல் இல்லை. எல்லாமே பெரும்பாலும் சென்னையைச் சுற்றி. உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ இருக்கும் பெற்றோர் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விட்டால், பார்த்துவிட்டு வருவதே வருஷத்துக்குச் சில முறை என்று ஆகிவிடும். வந்துபோகும் குடும்பம்தான் முதல் காவல் என்னும்போது இது சின்ன விஷயம் அல்ல. இன்னொன்று, அங்கே இருப்பவர்களுக்கு எது பிடிக்கும், யாரோடு இருக்க ஆசை என்று அவர்களிடமே கேட்கும் பழக்கம் அந்தத் தலைமுறைத் தொண்டில் கிடையாது. கொடுப்பவர் தீர்மானிப்பார், வாங்குபவர் ஏற்றுக்கொள்வார்.

சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1987-ம் ஆண்டு மனநலச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோயிலிருந்து பிரித்தது. 1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது.

இரண்டு வருஷம் போனது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் ஈரமில்லாதவை அல்ல. வேறு கதவு தெரியாதவை. மேரி 1953-ல் திறந்த மாதிரிக் கதவுகள் தென்மாவட்டங்களில் எத்தனை திறக்கப்படவில்லை என்பதை அன்று எண்ண முடிந்தது. தீக்குப் பிறகு அங்கிருந்த அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

இப்போது மதுரையில் ஒரு குடும்பம் ஹோம் தேடினால்?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியும் வைக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். டைல்ஸ் தரை, ஏசி ரூம் எல்லாம் அப்புறம். ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்றவர் யார் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தையும் கவனியுங்கள்.

பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ இருந்தால், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அக்கா, தம்பி வேலைக்காக பெங்களூரு, துபாய் என்று போயிருக்கும் வீடுகளில் இதைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். மூன்று பேர் கொண்ட குழு அது. ஒருவர் கலெக்டர் நிலை அதிகாரி, ஒருவர் பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி. மூன்றாமவர் ஒரு மாற்றுத்திறனாளி.