கோட்டுக்கு எண் தந்த மேதை

வரைபடத்தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரு அச்சுகள் வரைகிறோம். புள்ளிகளைக் குறித்து அவற்றை இணைக்கிறோம். இதற்கு வழிவகுத்தவர் யார் என்பதை நாம் அறிய வேண்டாமா? அவர்தாம் பிரான்சு நாட்டின் ரெனே டெகார்ட்.

இவர் 1596ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் லா ஏ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒரு வயது கடந்த சில வாரங்களிலேயே தாயை இழந்தார். லா பிளேஷ் நகரில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் பயின்றார். இவருடைய மெலிந்த உடலைக் கண்டு, காலையில் தாமதமாக எழ அனுமதித்தனர். நமக்குப் பொறாமையாக இருக்கிறதல்லவா? ஆனால் அவர் அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்கவில்லை, படுத்தபடியே சிந்தித்தார். பின்னர்ச் சட்டம் பயின்றார், படையில் சேர்ந்தார், 1628இல் ஹாலந்து சென்று தங்கினார்.

அக்காலத்தில் வடிவியல் வேறு, இயற்கணிதம் வேறு என்றே பலரும் எண்ணினர். 1637இல் வெளிவந்த தம் நூலில் டெகார்ட் இரண்டையும் இணைத்தார். ஒரு கோட்டை அடிப்படையாகக் கொண்டு அளந்தால், வளைகோட்டையும் ஒரு சமன்பாடாக எழுதலாம் என்று காட்டினார். பெர்மா என்பவரும் இதே கருத்தைத் தனியே கண்டிருந்தார். இன்றைய இரு செங்குத்து அச்சுகள் பின்வந்தோர் செம்மைப்படுத்தியவை.

1643இல் நாடிழந்து ஹாலந்தில் வாழ்ந்த எலிசபெத் என்னும் இளவரசி இவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. மூன்று வட்டங்களையும் தொடும் ஒரு வட்டத்தைக் காணும் கடினமான கணக்கை டெகார்ட் அவருக்குத் தந்தார். இளவரசி இயற்கணித வழியில் விடை தேடி அனுப்ப, டெகார்ட் மகிழ்ந்து பாராட்டினார். மறு ஆண்டு தம் நூல் ஒன்றை அவருக்கே காணிக்கையாக்கினார். பெண்களுக்குக் கணிதம் வராது என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

1649இல் சுவீடன் அரசி கிறிஸ்டினா அழைக்க, டெகார்ட் ஸ்டாக்ஹோம் சென்றார். கடுங்குளிரில் விடியற்காலை 5 மணிக்குப் பாடம் சொல்ல வேண்டியிருந்தது. நுரையீரல் அழற்சி கண்டு, 1650 பிப்ரவரி 11ஆம் நாள், 53ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்தாலும் அவர் வழி மறையவில்லை. இன்று பொறியாளர்கள் பாலத்தையும் இயந்திரத்தையும் கணினியில் வரைகிறார்கள். கணினிக்குக் கண் இல்லை. கோடு என்றால் அதற்கு இரு முனைகளின் எண்கள், வட்டம் என்றால் மையமும் ஆரமும். ஆதிப்புள்ளியை வேலைக்கு வசதியான மூலைக்கு மாற்றிக்கொண்டு அங்கிருந்து அளக்கவும் முடியும். எலிசபெத் பாடுபட்டுத் தேடிய வட்டத்தை, ஆட்டோகேட் என்னும் மென்பொருள் ஒரே கட்டளையில் வரைந்துவிடுகிறது!

கடினமான கணக்கைக் கண்டு நாம் மலைத்து நிற்கிறோம். எங்கிருந்து அளப்பது என்று முதலில் தெளிந்தால் பாதி வழி கடந்துவிடலாம் என்பதே டெகார்ட்டின் வாழ்வு கற்றுத்தரும் பாடம். நாமும் அவ்வாறே சிந்தித்து முன்னேறுவோமாக!