துருவைத் தீட்டிய ஜான் ஆலன்

ஒரு சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் எக்ஸிபிஷனுக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ஐஸ் குச்சியில ஒரு ரயில் பாலம் செஞ்சோம். அளவெல்லாம் பக்கா. கடைசி நாள் ராத்திரி ஒரு டப்பா சில்வர் பெயின்ட் வாங்கி மொத்தமா அடிச்சோம். பளபளன்னு இருந்துச்சு. காலையில பார்க்க வந்த ஒரு சின்னப் பையன், பொம்மை நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பாராட்டுத்தான். ஆனா எனக்கு உறைச்சிடுச்சு. மூணு மாச உழைப்பு ஏன் பொம்மையா தெரியுது? அளவு சரி, வடிவம் சரி. அப்புறம் என்ன தப்பு?

இந்தக் கேள்வியோட நெட்ல மேய்ஞ்சப்போதான் ஒரு பெயர் கிடைச்சது. ஜான் ஆலன். மாடல் ரயில் உலகத்துல இருக்கிறவங்க கிட்ட இந்தப் பேரைச் சொன்னா எழுந்து நிக்காத குறைதான். நம்ம பக்கம் பலருக்குத் தெரியாது. அதனால இந்த இதழ்ல அவர் கதை.

பலவீனமான இதயம், கூர்மையான கண்

ஜான் விட்பி ஆலன் 1913ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் ஊரில் பிறந்தார். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டையில் தொடங்கி இதய வால்வுகள் வரை பாதிக்கும் நோய் இது. ஆலனுக்கும் இதயம் பலவீனமானது. ஓடி ஆடுகிற வாழ்க்கை நமக்கு இல்லை என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

வளர்ந்தபின் கலிஃபோர்னியாவில் போட்டோகிராஃபர் ஆனார். இரண்டாம் உலகப்போர் சமயம். போருக்குப் போகும் முன் வீட்டுக்கு ஒரு படம் கொடுத்துவிட்டுப் போக நினைத்த வீரர்கள் ஏராளம். ஸ்டூடியோ தொழில் நன்றாக நடந்தது. சம்பாதித்ததைச் சிக்கனமாக முதலீடு செய்தார். போர் முடிந்தபோது, முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே, பெரிய ஆடம்பரம் இல்லாமல் வாழ அது போதும் என்ற நிலை. 1946ல் கடற்கரை ஊரான மான்டரேவுக்குக் குடிபெயர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீதி வாழ்க்கை முழுக்க ஒரே வேலைதான். ரயில் விடுவது!

ரத்தமும் தோல்வியும் ரயில்வே கம்பெனி

அவர் எடுத்துக்கொண்டது ஹெச்ஓ அளவு. அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. நிஜத்தின் ஓர் அடி இங்கே மூன்றரை மில்லிமீட்டர். ஆறடி மனிதன் 21 மில்லிமீட்டர். 40 அடி நீளமுள்ள சரக்கு வேகன் 14 சென்டிமீட்டர், நம்ம பேனா நீளம்தான்.

தன் ரயில்வேக்கு அவர் வைத்த பெயர் எழுத்தில் பார்த்தால் ஏதோ இரண்டு ஊர்களை இணைக்கும் கௌரவமான கம்பெனி மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் கோரி அண்ட் டிஃபீட்டட். ரத்தக்களரியும் தோல்வியும்னு அர்த்தம்! அதில் ஒரு மலைத்தொடருக்குப் பெயர் ஆக்கின்பேக், அதாவது முதுகுவலி. குனிந்து குனிந்து மலை கட்டினவருக்குத்தானே அந்த வலி தெரியும். யார்டில் வேகன்களை இழுக்க எம்மா என்று ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரையும் விட்டிருந்தார். அதற்கு எஞ்சின் மாதிரியே நம்பர் உண்டு: 13.

முதல் அமைப்பு ஒரு கட்டில் அளவுதான். 1950களில் வேறு வீட்டின் அடித்தளத்தில் பெரிய அமைப்பைத் தொடங்கினார். தரையிலிருந்து சீலிங் வரை மலை. பள்ளத்தாக்கின் மேல் பாலங்கள். நண்பர்கள் வந்து நிஜ ரயில்வே மாதிரி டைம்டேபிள் போட்டு ஓட்டுவார்கள். பழைய கட்டில் சைஸ் அமைப்பைத் தூக்கிப் போடாமல், இந்தப் பெரிய உலகத்துக்குள் ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டார்.

அழுக்குக்கு ஒரு காரணம் வேணும்

இப்போ என் பாலத்தோட கேள்விக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் மாடல் ரயில் என்றால் பளபளப்புதான் பெருமை. கைக்காசு போட்டு வாங்கிய எஞ்சின். ஷோரூமிலிருந்து இறங்கிய கார் மாதிரி மின்ன வேண்டும். அதன்மேல் யாராவது அழுக்கைப் பூசுவாங்களா?

ஆலன் பூசினார். வெதரிங் என்று இதற்குப் பெயர். வெயில், மழை, புகை, உழைப்பு எல்லாம் பட்டுப் பழசான தோற்றத்தைப் பெயின்ட்டால் கொண்டுவருவது. இதைச் செய்தவர் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. ஆனால் பலருடைய கண்ணைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர். அவர் கட்டிய ஒரு எஞ்சின் ஷெட் மாடல் போட்டியில் பரிசு வாங்கியது. அதன் கூரையில் புறா எச்சம்கூட இருந்தது!

போட்டோகிராஃபர் கண் இங்கேதான் உதவியது. நிஜ வேகனில் அழுக்கு இஷ்டத்துக்கு ஒட்டுவதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம், ஒரு திசை உண்டு. கொஞ்சம் இஞ்சினியரா யோசிச்சுப் பாருங்க.

கூரை கருப்பாக இருக்கும். நீராவி எஞ்சினின் கரி மேலிருந்துதான் விழும். அடிப்பாகம் காவி நிறமாக இருக்கும். வார்ப்பிரும்பு பிரேக் ஷூ சக்கரத்தில் உரசும்போது பறக்கிற தூள் சுற்றிலும் படிந்து துருப்பிடிப்பதால் வரும் நிறம் அது. வேகனின் முன், பின் பக்கங்களில் இரண்டு சேற்றுக் கோடுகள் நேராக மேலே ஏறும். மழைநாளில் சக்கரங்கள் வாரி அடித்த தண்ணீரின் தடம், சக்கரத்துக்கு நேர் மேலே. பெயின்ட் உரிந்த இடம், ரிவெட், ஏணிப்படி, இங்கெல்லாம் துரு பிறக்கும். மழை அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போகும், பக்கவாட்டில் போகாது. வெள்ளை எழுத்துகள் வெயிலில் தூளாகி, மழையில் கரைந்து கீழே வழிந்திருக்கும். பெயின்ட் அடிக்காத மரம் பழுப்பாக இருக்காது, சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும்.

இதைக் கொண்டுவரும் முறைகள் ரொம்ப எளிமை. பெயின்ட்டை நிறையத் தின்னர் விட்டு நீர்த்துப் பூசினால், அது பலகை இடுக்குகளில் தேங்கி நிழல் மாதிரி நிற்கும். பிரஷ்ஷில் இருக்கும் பெயின்ட்டைத் துணியில் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் லேசாகத் தடவினால் தேய்ந்த தோற்றம் வரும். சாக்பீஸைத் தேய்த்துத் தூளாக்கிப் பூசினால் புழுதி, புகைக்கரி எல்லாம் ரெடி. கடைசியில் பளபளப்பு இல்லாத வார்னிஷ் ஒரு கோட். கோடு எல்லாம் மேலிருந்து கீழே, புவியீர்ப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மாடலை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். அந்த அளவில் அது 87 மீட்டர் தூரம். அவ்வளவு தூரத்தில் நிற்கும் கருப்பு எஞ்சின் நம் கண்ணுக்கு முழுக் கருப்பாகத் தெரியாது. நடுவில் இருக்கும் காற்றும் தூசும் அதை வெளுக்க வைத்துவிடும். அதனால் டப்பாவிலிருந்து எடுத்த கருப்பை அப்படியே அடித்தால் பொம்மையாகிவிடும். கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும்.

என் பாலத்தோட தப்பு இப்போ புரியுதா? அதன்மேல ஒரு மழைகூடப் பெய்யலை. ஒரு ரயில்கூடப் போகலை.

படம் எடுத்தார், எழுதினார்

ஆலன் தன் ரயிலை ஓட்டினதோடு நிற்கவில்லை. படமும் எடுத்தார். சின்னப் பொருளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் முன்னால் இருப்பது தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் விழும். அந்த மங்கலே இது பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு வழி, லென்ஸ் துவாரத்தை ரொம்பச் சிறிதாக்கி நீண்ட நேரம் எக்ஸ்போஷர் கொடுப்பது. அப்போது முன்னால் இருக்கும் வேகனும் தூரத்து மலையும் ஒன்றாகத் தெளியும். அவர் படங்களைப் பார்த்தால் அளவு மறந்தே போகும். வார்னி என்ற மாடல் ரயில் கம்பெனி தன் விளம்பரங்களில் அவர் படங்களைப் போட்டது. மாடல் ரெயில்ரோடர் இதழில் அவர் தன் வழிமுறைகளை எழுதினார். எதையும் தொழில் ரகசியமாகப் பூட்டி வைக்கவில்லை.

சிஎஸ் நண்பர்களுக்கு ஒரு தகவல். டைம்சேவர் என்ற ஷன்டிங் புதிரை உருவாக்கியவரும் இவரே. ஒரு சின்ன எஞ்சின், சில வேகன்கள், குட்டிக் குட்டி சைடிங்குகள். குறைந்த நகர்வுகளில் ஒவ்வொரு வேகனையும் அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். பார்க்க எளிது, உட்கார்ந்தால் மண்டை காயும். இதைத் தீர்க்க இன்றைக்கும் புரோகிராம் எழுதுகிறார்கள்.

பத்து நாள்

1973 ஜனவரி 6. அந்தப் பலவீனமான இதயம் நின்றது. ஆலனுக்கு வயது 59. வீட்டின் அடித்தளத்தில் அவருடைய மலைகளும் பாலங்களும் அப்படியே இருந்தன. அவற்றை என்ன செய்வது, எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் நண்பர்களின் கவலை.

சுமார் பத்து நாள்தான். வீட்டின் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. சீலிங் வரை எழுந்த மலைகள், அந்த மூலையில் சேர்த்துவைத்த பழைய முதல் அமைப்பு, ஒவ்வொரு ரிவெட்டிலும் துரு வைத்துத் தீட்டிய வேகன்கள் எல்லாம் சேர்ந்து பெரும்பகுதி அழிந்தது. கால் நூற்றாண்டு உழைப்பு. பொய்த் துருவும் பொய்க் கரியும் பூசி அவர் வயதாக்கிய உலகம், அவர் போன கையோடு நிஜக் கரியாகப் போனது.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்னும் ஓடலை.

ஆனா கதை அங்கே முடியலை. படங்கள் இருந்தன, கட்டுரைகள் இருந்தன. மாடல் ரெயில்ரோடரின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் அவற்றை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அது 1981ல் வெளிவந்தது. வெஸ்ட்காட் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த ரயிலை ஒரு தடவைகூட நேரில் பார்க்காத தலைமுறை, படத்தை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டது. இன்றைக்கு மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் வேகனுக்குப் புழுதி பூசுவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மேற்கு நாடுகளில் கடையிலேயே அழுக்குப் பூசிய வேகன் கிடைக்கிறது!

எங்க பாலத்தைப் பத்திச் சொல்லலையே. எக்ஸிபிஷன் முடிஞ்சு ஸ்டோர் ரூம்ல வெச்சோம். அடுத்த மாசம் போய்ப் பார்த்தா மேல யாரோ சேர் அடுக்கியிருக்காங்க, கீழ பாலம் மூணு துண்டு. எங்க கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரு ஆடிப்போன மொபைல் போட்டோதான், அதுலயும் பாதி நாங்க நாலு பேர் பல்லைக் காட்டிட்டு நிக்கிறோம். எந்த ஜாயின்ட்டை எப்படி ஒட்டினோம், எது முதல்ல பிச்சுக்கிச்சு, எதுவும் எழுதி வைக்கலை. ஜூனியர்ஸ் கேட்டா சொல்ல எங்களுக்கே ஞாபகம் இல்லை.

இந்த வருஷமும் பாலம் செய்யப் போறோம். இந்தத் தடவை சில்வர் பெயின்ட் கிடையாது. ஒரு சாக்பீஸ் தூள், ஒரு பழைய பிரஷ், ஒரு நோட்டு, ஒரு நல்ல கேமரா. நோட்டு ஜூனியர்ஸுக்கு.